விக்டோரின் மெரான்: ஒலிம்பியாவும் ஓர் ஓவியர்தான்

எடுவார் மனேயின் 'ஒலிம்பியா' படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. படுக்கையில் ஒரு பெண் நிர்வாணமாகச் சாய்ந்திருப்பார். கழுத்தில் மெல்லிய கறுப்பு ரிப்பன், கூந்தலில் பூ, காலடியில் கறுப்புப் பூனை. பின்னால் பூங்கொத்தோடு ஒரு கறுப்பினப் பணிப்பெண். 1863-ல் வரைந்தது. 1865-ல் பாரிஸ் சலோனில் வைத்தபோது பெரிய ரகளை ஆயிடுச்சு. (சலோன் என்றால் நம்மூர் முடிவெட்டும் சலூன் இல்லை, பாரிஸில் நடக்கும் பெரிய ஓவியக் கண்காட்சி. நடுவர் குழு தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே போக முடியும். அந்தக் காலத்தில் ஒரு ஓவியரின் பிழைப்பே அதை நம்பித்தான்.)

அந்தப் படுக்கையில் இருப்பவர் விக்டோரின் மெரான். அவரும் ஓவியர். அதே சலோனில் ஆறு தடவை படம் வைத்தவர். முதல் தகவல் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. இரண்டாவது ரொம்ப காலம் ஒரு ஓரமாகத்தான் கிடந்தது. ஏன் அப்படி, அது தெரிஞ்ச பிறகு மனேயின் படங்களையே நாம பார்க்கும் விதம் எப்படி மாறணும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் தெரிஞ்ச விவரங்கள்

1844-ல் பாரிஸில் ஒரு கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வெண்கலச் சிலைகளுக்கு நிறமேற்றும் தொழிலாளி. அம்மா தொப்பி தைப்பவர். பதினாறு வயசு வாக்கில் ஓவியர்களுக்கு மாடலாக நிற்க ஆரம்பித்தார். குள்ளமான உருவம், செம்பட்டை முடி. அதனால் 'இறால்' என்று பட்டப்பெயர். கிட்டாரும் வயலினும் வாசிப்பார், ரெண்டையும் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார்.

1862-ல் இருந்து மனேயின் படங்களில் வருகிறார். 'தெருப் பாடகி'யில் கையில் கிட்டாரோடு செர்ரிப் பழம் தின்பவர் இவர்தான். 'எஸ்பாடா உடையில் செல்வி வி.' படத்தில் ஆண் காளைச்சண்டை வீரன் வேஷத்தில் நிற்பவரும் இவர்தான். 'புல்வெளியில் மதிய உணவு' படத்தில் கோட்டு போட்ட இரண்டு ஆண்களோடு உடையில்லாமல் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பவரும் அவரே. 1866-ல் கிளிப் பெண். கடைசியாக 1873-ல் 'ரயில்பாதை'. பதினோரு வருஷத்தில் பாடகி, காளைவீரன், வேசி, கிளியோடு நிற்கும் சீமாட்டி, மடியில் நாய்க்குட்டியோடு இரும்புக் கம்பி வேலி முன்னால் உட்கார்ந்திருக்கும் பாரிஸ்காரி. இத்தனை வேஷம்!

1870-களின் நடுவில் அகாதெமி ஜூலியனில் முறையாக ஓவியம் படித்தார். 1876-ல் அவர் தன்னையே வரைந்த படம் சலோனுக்குத் தேர்வானது. அதே வருஷம் மனே அனுப்பிய இரண்டு படங்களையும் நடுவர் குழு திருப்பி அனுப்பியது. மனே அவற்றைத் தன் பட்டறையிலேயே வைத்து ஜனங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மாடல் உள்ளே, மாஸ்டர் வெளியே. 1879 சலோனில் விக்டோரினின் 'பதினாறாம் நூற்றாண்டு நூரம்பர்க் சீமாட்டி' மனேயின் படம் தொங்கிய அதே அறையில் தொங்கியது. 1885-லும் 1904-லும்கூட அவர் படங்கள் சலோனுக்குப் போயிருக்கு. 1903-ல் பிரெஞ்சு ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். அவருக்காக முன்மொழிந்தவர்களில் ஒருவர் தோனி ரொபேர் ஃப்ளூரி, அன்றைக்குப் பெரிய கை.

1906-க்குள் பாரிஸை விட்டுப் பக்கத்தில் இருக்கும் கொலோம்ப் என்ற ஊருக்குப் போய்விட்டார். மரி த்யூஃபூர் என்ற பெண்ணோடு ஒரே வீட்டில் கடைசிவரை வாழ்ந்தார். எண்பது வயசு தாண்டியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் 'ஓவியர்' என்றுதான் பதிவாகியிருக்கு. 1927 மார்ச் 17-ல், 83 வயசில் இறந்தார்.

கதை எப்படி மாறிப்போச்சு

இதைப் படித்தால் ஒரு சாதாரண, கொஞ்சம் கஷ்டப்பட்ட, ஆனால் உழைத்து நின்ற ஒரு ஓவியரின் வாழ்க்கை என்று தோணும். புத்தகங்களில் இருந்த கதை வேற. மனேயைப் பற்றி நிறைய எழுதிய அடோல்ஃப் தபராங் போன்றவர்கள் காட்டிய விக்டோரின், குடித்துச் சீரழிந்தவர், குரங்கோடு தெருவில் திரிந்தவர், படம் விற்கப் பார்த்துத் தோற்ற பரிதாபம். அவர் சீக்கிரமே செத்துப்போய்விட்டார் என்றுகூடப் பலபேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்க வேலையில் பழைய கோடில் யாரோ ஒருத்தர் என்றைக்கோ எழுதிவைத்த கமென்ட் இருக்கும். அதுக்கப்புறம் கோடு மாறியிருக்கும், கமென்ட் மாறியிருக்காது. புதுசாக வருபவர்கள் கோடைப் படிக்க நேரமில்லாமல் கமென்ட்டை நம்பிவிடுவார்கள். தபராங் எழுதியது அப்படி ஒரு கமென்ட். சலோன் பட்டியல்கள் அச்சில்தான் இருந்தன. கொலோம்ப் பதிவேடுகளும் இருந்தன. யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1986-ல் மார்கரெட் சீபர்ட் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விக்டோரினைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1992-ல் யூனிஸ் லிப்டன் 'ஏலியஸ் ஒலிம்பியா' என்ற புத்தகம் எழுதினார். அதுக்கப்புறம்தான் காற்று கொஞ்சம் திசை மாறியது.

சரி, பழைய கதை ஏன் அவ்வளவு சுலபமாக நம்பப்பட்டது? சோம்பல் மட்டும் காரணம் என்று எனக்குத் தோணலை. ஒலிம்பியா ஒரு வேசியின் படம். அதற்கு நின்ற பெண்ணும் அப்படித்தான் இருந்திருப்பாள், அப்படித்தான் முடிந்திருப்பாள் என்ற கணக்கு. வேஷத்தையும் வேஷம் போட்டவரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ராவணன் வேஷம் கட்டுபவரைப் பார்த்து இவர் எத்தனை பெண்களைத் தூக்கிக்கொண்டு போனாரோ என்று யாராவது கேட்பார்களா? மாடல் என்று வந்தால் மட்டும் அந்தக் கேள்வி தானாக வந்துவிடுகிறது.

ஒரு கடிதம்

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கடிதம். மனே 1883 ஏப்ரல் 30-ல் இறந்தார். மூணு மாசம் கழித்து விக்டோரின் அவர் மனைவிக்கு எழுதுகிறார். சாராம்சம் இதுதான்: என்னை வைத்து வரைந்த படங்கள் விற்றால் எனக்கு ஒரு தொகை தருவதாக உங்கள் கணவர் சொல்லியிருந்தார். அப்போது நான் வேண்டாம் என்றேன், இனிமேல் மாடலாக நிற்க முடியாது என்ற நிலை வரும்போது ஞாபகப்படுத்துகிறேன் என்றேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே அந்த நிலை வந்துவிட்டது.

இதைப் பிச்சைக் கடிதம் என்று வாசித்துத்தான் 'பாவம் விக்டோரின்' கதைக்குச் சாட்சியாக வைத்தார்கள். நான் வாசிப்பது வேற மாதிரி. இது ஒரு பாக்கித் தொகைக்கான நினைவூட்டல். இந்தப் படங்களில் என் உழைப்பும் இருக்கு, அது இன்னும் தீர்க்கப்படலை என்று சொல்பவர், தன்னை யாரோ ஒருவரின் கனவுக்கன்னியாக நினைத்துக்கொள்ளவில்லை. 'ம்யூஸ்' என்ற வார்த்தை இந்த இடத்தில்தான் வேலையைக் காட்டுகிறது. ம்யூஸ் என்றால் தேவதை. தேவதைக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை. தொழிலாளி என்றால் கொடுக்கணும்.

இப்போ படங்களைப் பார்ப்போம்

ஒலிம்பியாவின் பின்னால் டிஷியனின் 'ஊர்பீனோவின் வீனஸ்' இருக்கிறது என்பது எல்லோரும் சொல்வது. அதே சாய்வு, அதே கை. ஆனால் டிஷியனின் வீனஸ் நம்மை வரவேற்பதுபோல் பார்ப்பாள். ஒலிம்பியாவின் பார்வையில் வரவேற்பும் இல்லை, வெட்கமும் இல்லை. 'வந்தாச்சா, சொல்லு' என்பதுபோல ஒரு பார்வை. 1865-ல் ஜனங்களுக்குக் கோபம் வந்தது நிர்வாணத்தைப் பார்த்து இல்லை, சலோன் சுவரெல்லாம் நிர்வாணம்தான். கோபம் இந்தப் பார்வையால் வந்தது.

விமர்சகர்கள் இந்தப் பார்வையை மனேயின் கண்டுபிடிப்பு என்றே எழுதிவந்தார்கள். ஆனால் மனேயின் விக்டோரின் படங்களை வரிசையாகத் திறந்து வைத்துப் பாருங்க. உடை மாறுது, இடம் மாறுது, வர்க்கமே மாறுது. பார்வை மட்டும் மாறவே இல்லை. மனே பெர்த் மொரிஸோவையும் பல தடவை வரைந்திருக்கிறார். அவரும் ஓவியர்தான். அந்தப் படங்களில் இருக்கும் பார்வை வேற: சூடு, பதற்றம், ஏதோ யோசனை. மனே ஒரே ஆள், மாடல் வேற, பார்வை வேற. அப்படியென்றால் அந்தப் பார்வையில் ஒரு பங்காவது விக்டோரின் கொண்டுவந்தது என்று சொல்ல வேண்டியிருக்கு. என்ன முகம் வைத்தால் படத்தில் என்ன ஆகும் என்பது தெரிந்த ஒருவர் செய்யும் வேலை அது.

'ரயில்பாதை'யில் இது இன்னும் தெளிவு. கழுத்தில் மறுபடியும் கறுப்பு ரிப்பன், மடியில் தூங்கும் நாய்க்குட்டி, கையில் பாதி படித்த புத்தகம். பக்கத்தில் சின்னப் பெண் நமக்கு முதுகைக் காட்டி ரயில் புகையை வேடிக்கை பார்க்கிறாள். விக்டோரின் தலைதூக்கி நம்மைப் பார்க்கிறார், ஏதோ படிக்கும்போது நாம் குறுக்கே வந்துவிட்ட மாதிரி. இந்தப் படத்துக்கு மூணு வருஷம் கழித்து அவரே சலோன் சுவரில்.

ஒரு எச்சரிக்கை

இதற்கு அடுத்த படி, 'விக்டோரின் மனேக்கு நிகரான மேதை, ஆணாதிக்கம் மறைத்துவிட்டது' என்று எழுதுவது. அப்படி எழுதும் ஆங்கிலப் பதிவுகள் நிறைய இருக்கு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிடைத்திருக்கும் அவர் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று 'குருத்தோலை ஞாயிறு', 2004-ல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்து இப்போது கொலோம்ப் அருங்காட்சியகத்தில் இருக்கு. அது சலோன் மரபுக்குள் அடங்கிய, பொறுமையாகச் செய்த, நல்ல வேலை. புரட்சி எல்லாம் இல்லை. அவர் விரும்பியதே அந்த மரபான வழியைத்தான். மனே உடைத்துப்போட்ட விதிகளை விக்டோரின் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பெண்ணுக்கு விதியை உடைப்பது ஆடம்பரம். முதலில் உள்ளே போகணுமே!

மேதையாக இருந்தால்தான் ஒருவர் செய்த தொழிலை ஒத்துக்கொள்வோமா? ஆறு தடவை தேர்வாகி, சங்க உறுப்பினராகி, சாகும்வரை தொழில் 'ஓவியர்' என்று எழுதிய ஒருவரை ஓவியர் என்று சொல்ல வேறு தகுதி தேவையில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒலிம்பியா படத்தில் இரண்டு மாடல்கள் இருக்கிறார்கள். பூங்கொத்து வைத்திருப்பவர் பெயர் லோர். மனேயின் குறிப்பேட்டில் அந்த முதல் பெயரும் ஒரு முகவரியும் இருக்கு. 2018-ல் டெனிஸ் முரெல் நியூயார்க்கில் அவரை மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார், அடுத்த வருஷம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகமும் அதை விரிவாக எடுத்துச் செய்தது. விக்டோரினுக்காவது பட்டியல், பதிவேடு, கடிதம் இருந்தன, தேடிப் பிடிக்க முடிந்தது. லோர் சலோன் பட்டியலில் இல்லை. காகிதம் உள்ளவர்களைத்தான் மீட்க முடிகிறது என்பது இந்த மாதிரி ஆராய்ச்சியின் எல்லை.

விக்டோரினின் காகிதங்களும் முழுசாகத் தப்பிக்கவில்லை. 1930-ல் த்யூஃபூர் இறந்த பிறகு வீட்டுச் சாமான்கள் காலி செய்யப்பட்டன. மிச்சத்தை எரித்ததையும், அதில் ஒரு வயலினும் அதன் பெட்டியும் இருந்ததையும் அக்கம்பக்கத்தார் பல வருஷம் கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த நெருப்பில் ஓவியங்களும் போயிருக்கலாம்.

2021-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், விக்டோரின் 1876 வாக்கில் தன்னையே வரைந்த சின்னப் படம் ஒன்றை வாங்கியது. அதே அருங்காட்சியகத்தில்தான் மனேயின் 'தெருப் பாடகி'யும், மனே வரைந்த விக்டோரினின் முகச்சித்திரமும் இருக்கு. மூணும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். மூணு ஜன்னலில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முதலில் விக்டோரின் வரைந்ததைப் பார்த்துவிட்டு, பிறகு மனே வரைந்ததற்குப் போங்க. அந்த வரிசையில் பார்த்தால் மனேயின் படங்களே வேற மாதிரி தெரியுது.