உள்ளது உள்ளபடி

1911 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு அயர்லாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவத்தில், மணமான பெண்களுக்கென்று தனியாக மூன்று கட்டங்கள் உண்டு. திருமணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் எத்தனை. கணவன் இருக்கும் பெண்கள் மட்டும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அவை. ஆனால் கணவனை இழந்த பெண்கள் பலரும் நிரப்பிவிட்டார்கள். படிவங்களை வாங்கிச் சரிபார்த்த போலீஸ்காரர் விதியை நினைத்து அந்த எண்களின் மேல் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. பிறந்தது பதினொன்று என்று ஒரு கட்டம் சொல்லும். இருப்பது ஆறு என்று பக்கத்துக் கட்டம் சொல்லும்.

இதைக் கணினியில் ஏற்ற உட்காருகிறவர் என்ன செய்ய வேண்டும்? அடித்துவிட்டார்களே என்று காலியாக விடலாம். எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் கோட்டைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம். நல்ல படியெடுப்பாளர் இரண்டையும் செய்ய மாட்டார். எண்ணையும் எழுதுவார், அது அடிபட்டிருக்கிறது என்பதையும் எழுதுவார். ஒரு விதவையின் பதிலும் ஒரு போலீஸ்காரரின் கோடும் சேர்ந்ததுதானே அந்த ஆவணம்.

ஐரிஷ் வம்சாவளி ஆவணங்களைப் படியெடுத்து வெளியிடும் வேலையை நான் ஒரு கலையாக ரசிப்பது இதற்காகத்தான். பழைய கையெழுத்தை வாசிக்கும் திறமை அதில் பாதி. கையை அடக்கிக்கொள்வது மறுபாதி. எழுதியவர் தப்பாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்தும் திருத்தாமல் விடுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். படித்தவர்களுக்கு அது எளிதில் வராது.

அயர்லாந்தில் இந்தக் கலைக்கு இவ்வளவு மதிப்பு வந்ததன் காரணம் ஒரு பேரழிவு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுகளின் உயில்கள், நீதிமன்றச் சுருள்கள், அயர்லாந்து திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் பாதிக்கு மேல், 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய எல்லாம் ஒரே நாளில் போயின. கருகிய தாள்கள் நகரத்தின் மேல் பறந்தன. கடலோர ஹோத் வரைக்கும் போய் விழுந்தன. பழியெல்லாவற்றையும் அந்தத் தீயின் தலையில் போடுவதும் நியாயமில்லை. 1861, 1871 படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்த கையோடு அரசே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. தீ வைத்தவர்களைப் பற்றி நூறு ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. கூழாக்கக் கையெழுத்துப் போட்டவரை யாரும் திட்டுவதில்லை. முழுதாகத் தப்பிய மிகப் பழைய கணக்கெடுப்பு 1901இல் எடுத்தது, அதற்கடுத்தது 1911.

மூலம் போனபின் நகலே மூலம். அதுவரை பொழுதுபோக்காகவும் கூலிக்காகவும் குறிப்பெடுத்துவைத்தவர்களின் நோட்டுப் புத்தகங்களுக்குத் திடீரென்று பெருமதிப்பு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ் என்னும், குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் கவனிக்கும் அரசுப் பதவியில் இருந்த சர் வில்லியம் பெத்தம், 1800க்கு முந்தைய பெரிய சொத்துக்காரர்களின் உயில்களில் இருந்து உறவுமுறைகளை மட்டும் பிரித்தெடுத்து எழுதிவைத்தார். யாருக்கு யார் மகன், யார் மருமகன் என்ற அளவோடு அவர் நின்றுவிட்டார். சாகிறவர் எந்த வேலைக்காரிக்குக் கட்டிலை எழுதிவைத்தார், எந்த மகனோடு கோபம் என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. நமக்கும் இனிக் கிடைக்காது. பெத்தமின் உழைப்பை மெச்சுகிறேன், அவருடைய ரசனையை அல்ல. குடும்ப மரம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உயிலைக் கொடுத்துவிட்டுக் கிளையை வாங்கிக்கொள்கிறார்கள்.

அதே பதவிக்குப் பின்னால் வந்த சர் ஆர்தர் விகர்ஸ், 1536 முதல் 1810 வரையிலான அந்த உயில்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்து 1897இல் அச்சிட்டார். பெயர், ஊர், தொழில், ஆண்டு, அவ்வளவே. மனிதரின் வாழ்க்கை அட்டவணை போல ஒழுங்காக அமையவில்லை. 1907இல் அவர் பொறுப்பில் டப்ளின் கோட்டையில் இருந்த அரச நகைகள் திருட்டுப் போயின, பதவி போயிற்று, 1921இல் கெர்ரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகைகள் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகம் அவரை அந்தத் திருட்டை வைத்துத்தான் நினைக்கிறது. அவர் புத்தகமோ, ஆயிரக்கணக்கான உயில்கள் இருந்ததற்கு மிஞ்சிய சாட்சி. 1766இல் பிரபுக்கள் சபை கேட்டு எடுத்த மதவாரிக் கணக்கும் இப்படித்தான். டெனிசன் க்ரோவ்ஸ் போன்ற ஆவணத் தேடுநர்கள் முன்பே படியெடுத்துவைத்த பகுதிகளால் பிழைத்திருக்கிறது. அவருடைய தாள்கள் இன்று பெல்ஃபாஸ்டில், வட அயர்லாந்துப் பொது ஆவண அலுவலகத்தில் இருக்கின்றன.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் பெயர் தெரியாத சில குமாஸ்தாக்கள். 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியது 1864இல்தான். ஆக, எழுபது வயதுக்கு ஆதாரம் என்ன? 1841, 1851 கணக்கெடுப்பில் நீ குழந்தையாக இருந்தாயா என்று பார்க்க வேண்டியதுதான். கிழவர்களும் கிழவிகளும் தாய் தகப்பன் பெயரையும் பழைய ஊரையும் எழுதிப் போட்டார்கள். ஆவண அலுவலகத்துக் குமாஸ்தா ஏட்டைப் புரட்டி, அந்த வீட்டில் கண்டதைப் படிவத்தில் குறித்து அனுப்பினார், அல்லது இல்லை என்று எழுதினார். அவருக்கு அது அன்றைய பாடு. பதின்மூன்று ஆண்டுகளில் அந்த ஏடு சாம்பலானது, படிவங்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்கு முந்தைய ஒரு குடிசையில் யார் யார் இருந்தார்கள் என்று இன்று பல இடங்களில் தெரிவது அந்த 5 ஷில்லிங்கின் தயவால்தான்.

ஓய்வூதியம் வேறொரு வேலையும் செய்தது. 1901இல் ஐம்பத்தெட்டு வயது என்று எழுதியவர் 1911இல் எழுபத்திரண்டு என்று எழுதுகிறார். பத்து ஆண்டில் பதினான்கு வயது ஏறியிருக்கிறது. இந்த வினோதம் படிவங்களில் சர்வசாதாரணம். அரைகுறை அக்கறையுள்ள பதிப்பாளர் இங்கே கணக்குப் போட்டு வயதைச் ‘சரிசெய்துவிடுவார்’. அதோடு ஒரு ஏழை அரசாங்கத்திடம் சொன்ன பொய் அழிந்துபோகும். பிறப்புப் பதிவிலும் இதே கதை. தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னார்கள். தேவாலய ஏட்டைப் பார்த்தால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருக்கும். இரண்டு தேதியையும் அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் அழகு.

பெயர்கள் பக்கம் வந்தால் சிக்கல் இன்னும் ருசியானது. வீட்டில் ஐரிஷ் பேசிய குடும்பத்தில் டைக் என்று கூப்பிடப்பட்ட பையனைப் பாதிரியார் லத்தீனில் தாதேயுஸ் என்று எழுதுவார். அரசு ஏட்டில் அவன் திமொத்தி. ஜெரமையா, டார்பி, டெர்மட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். பிரிஜிட் அமெரிக்கா போனால் டீலியா. குடும்பப் பெயரின் முன்னால் வரும் ‘ஓ’வும் ‘மக்’கும் ஒரு தலைமுறையில் உதிரும், அடுத்ததில் முளைக்கும். மக்கவன் குடும்பமே ஸ்மித் என்றும் பதிந்திருக்கும், அதே ஊரில், அதே தகப்பனுக்கு. பதிவாளர் அலுவலகத்துக்கே இது தாங்காமல், ராபர்ட் மாத்திசன் 1890இல் இப்படி மாறி வழங்கும் பெயர்களைத் தொகுத்து ஒரு கையேடு போட்டார். அலுவலகத் தேவைக்கு எழுதிய புத்தகம்தான். நான் அதை நாவல் போலப் படித்தேன்.

பாதிரியார்களின் எழுத்து வேறு கலை. ஜேம்ஸ் மூன்று எழுத்தில் முடிந்துவிடும், கிறிஸ்டோஃபர் ஒரு ‘எக்ஸ்’ போட்டுத் தொடங்கும். இரட்டை ‘எஸ்’ஸில் முதல் எழுத்தை ‘எஃப்’ மாதிரி நீட்டி எழுதும் பழைய வழக்கம், காசிடி குடும்பத்தாரை வாசிக்க முடியாத புதிய குலமாக மாற்றி அட்டவணைகளில் ஏற்றியிருக்கிறது. பெரிய ‘எல்’லும் ‘எஸ்’ஸும் குழம்பினால் சல்லிவன் காணாமல் போவார். மேற்படி என்பதற்குப் போடும் இரண்டு சிறு கோடுகள் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. ஒரு வரி தப்பினால் ஒரு பக்கமே வேறு ஊருக்குக் குடிபெயரும். ஊர் என்பதும் நாம் நினைக்கிற ஊர் அல்ல. டவுன்லேண்ட் என்ற சின்னஞ்சிறு நிலப்பிரிவுகள் அந்தத் தீவில் அறுபதாயிரத்துக்கு மேல். ஒரே பெயரில் பல உண்டு. 1824இல் தொடங்கிய நில அளவை ஆங்கில எழுத்தில் அவற்றுக்கு ஒரு எழுத்துக்கூட்டல் முறையை நிலைநிறுத்தும் வரை, பாதிரியார் காதில் விழுந்ததுதான் எழுத்து. உள்ளூர் ஆள் ஒருவர் சத்தமாக வாசித்தால் சட்டென்று விளங்கும் ஊர்ப்பெயர், தூர தேசத்தில் கூலிக்குத் தட்டச்சு செய்பவருக்குக் கடைசிவரை விளங்காது.

டிப்பரேரி கவுண்டியில் ரயன் என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் எக்கச்சக்கம். ஒரே டவுன்லேண்டில் நான்கு ஜான் ரயன் இருந்தால் என்ன செய்வது? 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் நடத்திய நில மதிப்பீட்டில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தகப்பன் பெயரோ தொழிலோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள். சிவப்பு ரயன், வெள்ளை ரயன் என்று. இந்த அடைப்புக்குறியைத் தூக்கி எறிந்த அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். நான்கு குடும்பங்கள் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன.

தனிமனிதப் பித்து இல்லாமல் எந்தக் கலையும் வளர்வதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் ஆல்பர்ட் கேசி என்றொரு மருத்துவர். அயர்லாந்தின் கார்க், கெர்ரி எல்லைப் பகுதியின் பங்கு ஏடுகள், கல்லறை வாசகங்கள், நிலப் பதிவுகள் என்று அகப்பட்டதையெல்லாம் படியெடுத்து 1952 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ‘ஓகீஃப், கோஷ மாங்’ என்று தொடங்கும் அதன் தலைப்பை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஒழுங்கு என்று அதில் எதுவும் இல்லை. பதிப்பு இலக்கணப்படி பார்த்தால் தேறாது. ஆனாலும் அந்தப் பகுதியில் வேர் தேடுகிறவர்கள் அவர் பெயரைக் கும்பிடாத குறையாகத்தான் சொல்வார்கள். ஒழுங்கான பத்துப் பேர் தொடாமல் விட்டதை ஒழுங்கற்ற ஒருவர் செய்துமுடித்தார்.

படியெடுப்பது ஒரு பாடு, வெளியிடுவது இன்னொரு பாடு. கத்தோலிக்கப் பங்கு ஏடுகளை 1950களிலும் 60களிலும் தேசிய நூலகம் மைக்ரோஃபிலிமில் பிடித்தது; பார்ப்பதற்குச் சில மறைமாவட்டங்களில் ஆயரின் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்த காலம் நெடுநாள் நீடித்தது. 1980களில் கவுண்டிதோறும் எழுந்த மரபு மையங்கள் வேலையற்ற இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து மூல ஏடுகளிலிருந்து அட்டவணை செய்தன. அதன் பலனை இன்று கட்டணம் கட்டித்தான் பார்க்க முடிகிறது. 2014இல் அரசுத் தளம் ஒன்று பிறப்பு, திருமண அட்டவணைகளை வெளியிட்ட வேகத்தில் இறக்க நேர்ந்தது. உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியும் தாயின் கன்னிப் பருவக் குடும்பப் பெயரும் அதில் இருந்தன; வங்கிகள் அடையாளம் கேட்கும் விவரங்கள் அல்லவா அவை! இப்போது பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 என்று வரம்பு. 2015 ஜூலையில் தேசிய நூலகம் அந்தப் பழைய படச்சுருள்களை அப்படியே, எவரும் காசில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியது. அட்டவணை இல்லை, விளக்கம் இல்லை, வெறும் பக்கங்கள். குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது மிகப் பெரிய மரியாதையாகப் பட்டது. அடுத்த ஆண்டே இரண்டு வணிக நிறுவனங்கள் வழியே அவற்றுக்கு அட்டவணை வந்தது. மரபு மையங்களின் பழைய படியை அதோடு ஒப்பிட்டால் பாடபேதம் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆராய்ச்சி ஆரம்பம்.

நல்ல பதிப்புக்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு: சதுர அடைப்புக்குறி. படியெடுத்தவர் தம் ஊகத்தை அதற்குள் வைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தால் அந்த மனிதரை நம்பலாம். எழுதியபடி ஒரு கட்டம், சீராக்கியபடி ஒரு கட்டம் என்று இரண்டு வைத்தால் இன்னும் உத்தமம். தேடவும் முடியும், மூலமும் கெடாது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களை விட்டுவிட்ட அட்டவணைகளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நாட்டில், ஒரே பெயருள்ள ஐந்து சகோதரப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்ட வேறு வழி இல்லை. பக்கத்தில் நின்று பிள்ளையை ஏந்தியவர் அநேகமாக அத்தை, அல்லது தாய்மாமன்.

1922இல் போனதை மீட்க டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் உருவான மெய்நிகர் ஆவணக் கருவூலம் 2022 ஜூனில் திறந்தது. எரிந்த கட்டடத்தில் என்னென்ன இருந்தன என்று ஹெர்பர்ட் வுட் 1919இல் அச்சிட்ட வழிகாட்டியை முன்னே வைத்துக்கொண்டு, உலகின் பல காப்பகங்களில் சிதறிக் கிடக்கும் நகல்களை அதில் சேர்க்கிறார்கள். 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களோ அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. போய்ப் பாருங்கள். ஆனால் அட்டவணையில் வந்த பெயரைக் கண்டதோடு திரும்பிவிட வேண்டாம். படிவத்தின் படத்தையும் திறந்து, குடும்பத் தலைவர் தம் கையால் எழுதியதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அட்டவணையில் பிழை கண்டால் எழுதிப் போடுங்கள். படிவத்தில் பிழை கண்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.