அவதானியைச் சாட்சிக்கு அழைக்கலாமா?

திருவான்மியூரில் பறக்கும் ரயிலேறிச் சேப்பாக்கத்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களைப் பாருங்கள். மடியில் பாடநூல், காதில் பாட்டு, கையில் கைப்பேசி! "ஒரே நேரத்தில் நூறு செயல்களைக் கவனித்த சதாவதானிகள் நம் நாட்டில் இல்லையா?" என்று நீங்களும் வாதாடக்கூடும். இந்த வாதம் பொருந்துமா என்று ஆராய்வோம்.

செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியது உண்மையே. மணியோசையை எண்ணுதல், முதுகில் எறியப்படும் கற்களைக் கணக்கிடுதல், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுதல் போன்றவை அவதானக் கலையில் அடங்கும். ஆனால் அவதானி கவனத்தைச் சிதறவிடுவதில்லை. வருவதை ஒவ்வொன்றாக நினைவில் பதித்து, உரிய வேளையில் எடுத்துத் தருகிறார். அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். மேலும், அவர் அரங்கில் காட்டுவது முன்பே கற்ற புலமை. நீங்களோ இனிமேல்தான் கற்க வேண்டும். வேறுபாடு புரிகிறதல்லவா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 1 முதல் 12 வரை எழுதுங்கள். பிறகு அ முதல் ஔ வரை எழுதுங்கள். ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். எழுதியவை அவையே; ஆயினும் நேரம் கூடியிருக்கும். ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்கு மூளை தாவும்போதெல்லாம் இந்த இழப்பு நேர்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. பல ஊடகங்களை ஒருசேர மிகுதியாகக் கையாளும் மாணவர்கள், வேண்டாதவற்றை ஒதுக்குவதில் பின்தங்கினர் என்று அது காட்டியது. இதைக் கொண்டு மட்டும் கருவியைக் குற்றவாளியாக்க முடியாது. இயல்பிலேயே கவனம் சிதறுவோர்தாம் அப்பழக்கத்தை நாடினார்களோ என்னவோ!

2013இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு இந்த ஐயத்துக்கு விடை தருகிறது. அதில் யார் என்ன செய்வது என்பதை ஆய்வாளர்களே வகுத்தனர். விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்கள் 11 விழுக்காடு குறைவான மதிப்பெண் பெற்றனர். தாளில் மட்டுமே குறிப்பெடுத்தும், பிறருடைய அத்தகைய திரைகள் கண்ணில் படுமாறு அமர்ந்தவர்களோ 17 விழுக்காடு இழந்தனர்!

ஆகவே இது உங்கள் சொந்த விருப்பம் மட்டுமன்று. பின்வரிசை நண்பரின் தேர்ச்சியும் இதில் அடங்கியிருக்கிறது. நாளை சேப்பாக்கம் வரும்வரை கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எத்தனை பக்கம் மனத்தில் நின்றது என்பதை நீங்களே கணக்கிடலாம்.