ஓவியர் இளையராஜாவும் யதார்த்தவாதமும்

கண்டதைக் கண்டவாறே தீட்டுவதுதான் யதார்த்தவாதமா என்னும் வினா கலை விமரிசனத்திற்குப் புதியதன்று. 2021 யூன் மாதத்திற் கொரோனாத் தொற்றினால் இளவயதிலேயே மறைந்த தமிழக ஓவியர் எஸ். இளையராஜாவின் படைப்புகளை மதிப்பிடுமிடத்து அவ்வினா மீண்டும் எழுகின்றது.

கும்பகோணத்தை அடுத்த கிராமமொன்றிற் பிறந்த இவர், கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் பயின்றவர். 1960களிற் கே. சி. எஸ். பணிக்கரும் அவர்வழி வந்தோரும் சென்னையில் வளர்த்த நவீன ஓவிய மரபு கோட்டினையும் குறியீட்டினையும் முதன்மைப்படுத்தியது. இளையராஜா அவ்வழிச் செல்லாது, புகைப்படமோ என மயங்கவைக்கும் உருவச் சித்திரிப்பைத் தேர்ந்தார். ஆனந்த விகடன் போன்ற வெகுசனச் சஞ்சிகைகள் வாயிலாக அவ்வோவியங்கள் கலைக்கூடங்களின் வாசலை மிதியாதோரையும் சென்றடைந்தன.

இவரது சாதனையை நிறத்திலிருந்தே விளக்கத் தொடங்கலாம். 1894இல் ரவிவர்மா அச்சகம் நிறுவிய காலந்தொட்டு, நாட்காட்டிப் படங்களில் அழகி என்றாற் சிவந்த மேனியள் என்பது பெரும்பாலும் எழுதாச் சட்டமாயிற்று. இளையராஜாவின் பெண்களோ கருமேனியர். சன்னலூடாக வரும் ஒளி அவர்தம் கன்னத்திலும் கையிலும் படியும்போது, கருமை நிழலாக ஒதுங்காது நிறமாகவே ஒளிர்கின்றது. அழகுணர்வு சாதி, வர்க்க மேலாண்மையுடன் பிணைந்துள்ள சமூகத்தில் இது வெறும் தொழினுட்ப விடயமன்று.

ஆயினும், அடுப்படி, சன்னலோரம், வாசற்படி என அன்றாட வாழ்விடங்களை நுணுகித் தீட்டியவர், அங்கு நிகழும் உழைப்பைப் பெரும்பாலும் ஓய்வுக் கணமொன்றிலேயே நிறுத்திவிடுகின்றார். பித்தளைப் பாத்திரம் பளபளக்கின்றது. அதனைத் துலக்கிய கையின் களைப்புத் தெரிவதில்லை. சேலையின் ஒவ்வொரு மடிப்பும் உண்டு. அதனை உடுத்தவள் எவருடைய வயலிற் கூலி பெறுகின்றாள் என்பது புலனாவதில்லை. கூலி உயர்வு கோரிய விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் 1968இற் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டமை, கும்பகோணத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய தஞ்சை மாவட்டத்திலேயே என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. அந்நிலத்தின் முரண்பாடுகள் எவையும் இம்மென்மையான ஒளியினுட் புகவில்லை.

புறத்தோற்றத்தை நுணுக்கமாகப் பதிவுசெய்வது இயற்பண்புவாதம். அத்தோற்றத்தை உருவாக்கும் சமூக உறவுகளை வெளிக்கொணர்வதே யதார்த்தவாதம். இவ்வேறுபாட்டின்படி இளையராஜா பெரிதும் முன்னதன் எல்லைக்குள்ளேயே நிற்கின்றார்.

இதுகொண்டு அவரை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. ஓவியத்தின் மையத்தில் யாரை இருத்துவது என்னும் வினாவிற்கு அவர் தெளிவான விடை தந்தார். அவ்வாறு இருத்தப்பட்டோர் எவ்வாறு வாழ்கின்றனர், ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்பவற்றைக் காட்டுதல் அவருக்குப் பின்வரும் ஓவியர்களின் பணியாகும்.