இசுசு எஞ்சின் அம்பாசிடர்: காற்றுக்கு வழி விட்டால் சாமுண்டி மலை சுலபம்

பழைய அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி ஓர் ஆளே நிற்கலாம். இவ்வளவு இடம் இருந்தும் வண்டி ஏன் ஹீட் ஆகிறது? அந்தக் காலி இடம்தான் காரணம். தண்ணீர் பள்ளம் தேடுவதைப் போலக் காற்றும் தடையில்லாத வழியையே தேடும். கிரில் வழியாக நுழையும் காற்று, ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் புகாமல் இருபக்கச் சந்துகளில் நழுவிவிடுகிறது.

மைசூரில் நண்பரிடம் உள்ள மார்க் 3 அம்பாசிடரை ஓட்டிப் பார்த்தபோது, இந்தச் சந்துகளை அடைத்திருந்த விதம்தான் முதலில் கண்ணில் பட்டது. பழைய 1,489 சி.சி. எஞ்சின் போய், இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் ஏறியிருக்கின்றன. 1990-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இந்த எஞ்சினை வைத்து அம்பாசிடர் விற்றது என்பதால் இது ஒட்டாத ஜோடி இல்லை. ஆனால் சக்தி கூடினால் சூடும் கூடும். பெட்ரோல் எஞ்சினில் சக்கரத்துக்குப் போகும் சக்திக்கு ஏறக்குறைய சமமான வெப்பம் கூலன்ட் வழியாக வெளியேற வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, புதிதாகப் பொருத்திய ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, உள்ளே வரும் காற்றையே சூடாக்கி அனுப்புகிறது.

என்ன செய்திருக்கிறார்கள்?

கிரிலுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, இருபுறமும் மேற்புறமும் தகரத் தடுப்பு. விளிம்பில் ரப்பர் பீடிங். எல்லாம் உள்ளூர் டிங்கரிங் கடை வேலை. ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்கள், ரேடியேட்டரை முழுதாக மூடும் ஷ்ரவுட் என்ற கூட்டுக்குள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். வேகத்தில் போகும்போது இதே ஷ்ரவுட் காற்றுக்குத் தடையாகிவிடக் கூடாது என்பதற்காக, காற்றழுத்தத்தில் தானே திறக்கும் ரப்பர் மடல்களையும் வைத்திருக்கிறார்கள். சின்ன வேலை, நல்ல யோசனை.

82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு அப்படியே இருக்கிறது. ‘ஹீட் ஆனால் வால்வைக் கழற்றிப் போடு’ என்பது பல பட்டறைகளில் கேட்கும் யோசனை. அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் ஏறும். காற்று போகாத ரேடியேட்டருக்கு அது மருந்தும் அல்ல.

ரோட்டில் எப்படி?

சயாஜி ராவ் ரோட்டு நெரிசலில் ஏ.சி.யோடு ஊர்ந்தபோது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டியது. ஃபேன்கள் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிட்டது. உண்மையான பரீட்சை சாமுண்டி மலை. இரண்டாம் கியரில் எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், வண்டியோ மெதுவாகத்தான் ஏறும். எதிர்க்காற்றின் உதவி கிடைக்காது. எல்லாமே ஃபேன் தலையில். இங்கே உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் மட்டத்துக்குச் சுமார் 760 மீட்டர் மேலே உள்ள மைசூரில் வெறும் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதிக்கும். ஆயிரம் மீட்டர் தாண்டிய மலை உச்சியில் இன்னும் ஒரு டிகிரி முன்னதாக. ரேடியேட்டரின் அழுத்த மூடியும் தண்ணீரோடு சரிபாதி சேர்த்த கூலன்ட் கலவையும் இந்தக் கொதிநிலையை 120 டிகிரிக்கு மேல் தள்ளிவிடுகின்றன. மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வண்டி ஏ.சி.யை அணைக்காமலே உச்சிக்குப் போனது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஃபேன்களுக்கு வேலையே இல்லை. மணிக்கு 60 கி.மீ. தாண்டினால் எதிர்க்காற்றே போதும்.

சொதப்பிய இடங்கள்

சூடான காற்று வெளியேறட்டும் என்று பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். நிற்கும்போது இது உதவும். ஓடும்போது விண்ட்ஷீல்டின் அடியில் காற்றழுத்தம் கூடுவதால், காற்று வெளியே போவதற்குப் பதில் அந்த இடுக்கு வழியாக உள்ளே புகும். கிரில் வழியாக வரும் காற்று வெளியேறுவதும் கடினமாகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் வாடைதான் கேபினுக்குள் வந்தது. வாஷர்களைக் கழற்றியபின் முள்ளில் ஒரு வித்தியாசமும் இல்லை, வாடை போய்விட்டது. வெப்பக் காற்று எஞ்சினுக்கு அடியில் வெளியேறுவதே சரியான வழி.

இரண்டாவது குறை மின்சாரம். ஏ.சி., ஹெட்லைட், இரண்டு ஃபேன் எல்லாம் சேர்ந்தால் ஐட்லிங்கில் விளக்கு மங்குகிறது. கூடுதல் ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரும், ஃபேனுக்குத் தனித்தனி ரிலேயும் தேவை.

காகித வேலையையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவும், எஞ்சினை மாற்றிய வண்டிக்குக் கிடைக்காது.

தீர்ப்பு: எஞ்சின் மாற்றம் இந்த அம்பாசிடருக்கு வேகம் தந்தது, அதை நம்பி மலையேற வைத்தது தகரத் தடுப்பும் ஷ்ரவுடும்தான். திம்பம் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் பழைய காரில் மைசூர் வர நினைப்பவர்கள், பெரிய ரேடியேட்டருக்கு விலை கேட்கும் முன் ஒரு டார்ச் எடுத்துக் கிரிலுக்குப் பின்னால் சந்து எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். முதலில் அதை அடைத்துவிடுங்கள்.