நாலாவது நாவலையும் சேர்த்துக் கொடுங்கள்

"சின்னப் பசங்க கதைதான், ஆனா நல்லா இருக்கும்." பதின்பருவ நாவல் வரிசைகளைப் பெரியவர்களிடம் கொடுக்கும்போது நாம் ஒட்டவைக்கும் வால் இது. உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசைக்கு அந்த வால் தேவையில்லை.

1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் முதல் மூன்று நாவல்கள் வந்தன. செம்பழுப்பு நிறத் தீவுச் சிறுவன் கெட் பெரிய மந்திரவாதியாகி, மூன்றாவதின் முடிவில் உலகைக் காக்கத் தன் சக்தி முழுவதையும் இழக்கிறான். நிறைய பேர் இங்கேயே நிறுத்திடுறாங்க.

18 ஆண்டுகள் கழித்து, 1990இல் வந்த 'டெஹானு' அந்த இழப்பிலிருந்து தொடங்குகிறது. ஊர் திரும்பிய கெட்டுக்கு மனிதர் முகத்தைப் பார்க்கவே வெட்கம். ஆடு மேய்க்கப் போகிறான். நாம் அவனைப் பார்ப்பது தெனாரின் கண்வழியே. அவள் ஒரு விவசாயியின் விதவை, தீயில் வெந்த சிறுமியை வளர்ப்பவள். மந்திரத்தை விட அடுப்படி வேலைதான் இதில் அதிகம்.

பினாங்குக்காரர்களுக்கு இது அந்நியக் கதை இல்லை. ஜார்ஜ் டவுன் 1969இல் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது. ஆனா துறைமுகத்திலேயே 50 வயசானவர் சிப் தொழிற்சாலைக்கு எப்படிப் போவார்? கற்ற வித்தை செல்லாமல் போனவன் மீதி நாளை எப்படி வாழ்வது என்பதே டெஹானுவின் கேள்வி. பதினைந்து வயதில் அது புரியாது.

கடைசியில் டிராகன் வந்து எல்லாவற்றையும் தீர்ப்பது அவசர முடிவுதான். இருந்தாலும் ஓய்வுபெறப் போகிறவர் யாராவது கேட்டால், நாலையும் சேர்த்தே கொடுங்கள். கெட்டின் சக்தியைப் பார்த்தவருக்குத்தான் அதன் இழப்பு வலிக்கும்.