எந்த உருவமானாலும் ஒரே கம்பி

முக்கோணம், அறுகோணம், வளையம், நீளப் பட்டை என எல்லாவற்றையும் கலந்து சுவரில் மாட்டி, ஒரே படமாக ஒளியை ஓடவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் விளக்கைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். எனக்கோ பின்னால் ஒளிந்து அவற்றை இயக்கும் இ.எஸ்.பி.32 போர்டு மேலும், உள்ளே இருக்கும் லெட் மேலும்தான் காதல்!

டபிள்யூ.எஸ்.2812பி லெட்டை வடிவமைத்தவர்களுக்குக் கோயிலே கட்டலாம். 5 மி.மீ. சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், கூடவே அவற்றை இயக்கும் சில்லும். டேட்டாவுக்கு ஒரே கம்பி. பந்தியில் வாளி கைமாறுகிற மாதிரி, முதல் லெட் தன் பங்கு 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததுக்குத் தள்ளுகிறது. தள்ளும்போதே சிக்னலைப் புதுசாகத் தீட்டியும் அனுப்புகிறது! ஒரு லெட்டுக்கு 30 மைக்ரோ விநாடி. 1000 லெட் கோத்தாலும் விநாடிக்கு 33 படம் ஓடும். போதாதென்றால் போர்டின் வேறொரு பின்னிலிருந்து இன்னொரு வரிசையைத் தொடங்கிவிடலாம்.

இந்த வரிசைக்கு உருவம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை டபிள்யூலெட் மென்பொருளில் ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்தால் போதும். லெட் இல்லாத இடத்துக்கு -1. அவ்வளவே. முக்கோண நுனியில் கிளம்பிய நீல அலை, இடைவெளியைத் தாண்டி, அறுகோணத்தின் ஓரத்தில் சரியான உயரத்தில் முளைத்ததே... அன்று இரவு யார் தூங்கினார்கள்? இத்தனையும் திறந்த மூல மென்பொருள், காசு கேட்காமல் கிடைக்கிறது!

மின்சாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. முழு வெள்ளையில் லெட் ஒன்று 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 300 லெட்டுக்கு 18 ஆம்பியர். அதனால் ஒவ்வொரு உருவத்துக்கும் 5 வோல்ட்டைத் தனித்தனியாகக் கொடுத்தேன். போர்டின் சிக்னல் 3.3 வோல்ட், லெட் எதிர்பார்ப்பதோ 3.5. நடுவில் 74ஏ.ஹெச்.சி.டி.125 என்ற சில்லு ஒன்றை வைத்தால் இருவருக்கும் சமாதானம். விலை சொற்பம், செய்யும் உபகாரமோ பெரிசு.

வீடியோ எடுத்தால் சில சமயம் லேசாக மினுக்குகிறது. ஏ.பி.ஏ.102 லெட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கிளாக்குக்கு இன்னொரு கம்பி வேண்டும், விலையும் கூடுதல். இருக்கட்டுமே, வாங்கத்தான் போகிறேன். உத்தரத்தைச் சுற்றி ஏறும் சுருள் ஒன்று காகிதத்தில் தயாராகிவிட்டது!