தாமதத்தின் அழகு

திருமலையில் சுப்ரபாதம் முதல் ஏகாந்த சேவை வரை பொழுதை வகுப்பது கோயில். வரிசையில் நிற்பவரின் உடலுக்குப் பொழுதை வகுப்பவை மரபணுக்கள். மூளையின் ஹைப்போதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுக்குள் கிளாக், பிமால்1 என்னும் புரதங்கள் இணைந்து பெர், கிரை மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அதனால் உருவாகும் புரதங்கள் மெல்லப் பெருகி, உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, தம்மை முடுக்கியவற்றையே அடக்குகின்றன. அவை சிதைந்ததும் பிடி தளர்ந்து, எல்லாம் மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். எனக்குப் பிடித்தது இதிலுள்ள தாமதம். அடக்கும் புரதம் உடனுக்குடன் வந்துவிட்டால் தாளமே பிறக்காது. கேசீன் கைனேஸ் என்னும் நொதிகள் பெர் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. சுற்று ஒரு நாளளவுக்கு நீள்வதில் அவற்றுக்குப் பெரிய பங்குண்டு.

வெயிலும் அலாரமும் எழுப்பிவிடும்போது இந்த உள்கடிகாரம் எதற்கு என்று கேட்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன் குழுவினரின் குகை வௌவால்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. இருட்டுக் குகையில் அடைத்துவைத்த வௌவால், தன் கூட்டம் பறந்துபோய்த் திரும்பும் நேரத்தோடு ஒத்துப்போனது என்று 1981இல் அவர்கள் எழுதினார்கள். கூட்டத்திலிருந்து பிரித்தபோதும் அதன் தாளம் நிற்கவில்லை. 24 மணியிலிருந்து கொஞ்சம் விலகி, தன்பாட்டுக்கு ஓடியது. ஆக, வெளியுலகம் செய்வது திருத்தம் மட்டுமே. அலாரம் கண்ணைத் திறக்கலாம், கடிகாரத்தை ஒரே நாளில் நகர்த்த அதனால் ஆகாது. சுப்ரபாத வேளையில் உடல் வெப்பம் அன்றைய மிகக் குறைந்த அளவை ஒட்டியே இருக்கும். அப்போது நடுங்குபவர் மலைக்குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது.